போர் நின்றால் கிளம்பத்தான் வேண்டுமா? தற்காலிகப் பாதுகாப்பு பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இது: போரிலிருந்து தப்பி வருகிறவர்களுக்கு ஐரோப்பாவில் ‘தற்காலிகப் பாதுகாப்பு’ என்கிறார்கள், அமெரிக்காவில் டிபிஎஸ் (Temporary Protected Status, தற்காலிகப் பாதுகாப்பு அந்தஸ்து) என்கிறார்கள். இதுவும் அகதி அந்தஸ்தும் ஒன்றா? போர் முடிந்தால் மறுநாளே கிளம்பச் சொல்லிவிடுவார்களா? பத்துப் பதினைந்து வருடம் அங்கேயே இருந்துவிட்டால் கிரீன் கார்டு, குடியுரிமை என்று போகுமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒன்றில்லை. மறுநாளே அனுப்ப முடியாது. ஆனால் அமெரிக்கச் சட்டப்படி அறுபது நாள் அவகாசத்தில் முடித்துவிட இடம் இருக்கிறது. வருடங்கள் கூடுவதால் மட்டும் எதுவும் நிரந்தரமாகாது. அமெரிக்காவில் 2001இலிருந்து டிபிஎஸ்ஸில் இருந்து, பிள்ளைகள் அங்கேயே பிறந்து கல்லூரிக்கும் போய்விட்ட எல் சால்வடார்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அட்டையில் இன்னும் ‘தற்காலிகம்’தான்.

நான் வக்கீல் இல்லை. அமெரிக்காவில் குடியேற்ற வழக்குகள் பார்க்கும் ஒரு அலுவலகத்தில் பல வருடம் படிவம் நிரப்பி, ஆவணம் அடுக்கிக் கொடுத்தவன். அதனால் அமெரிக்கா பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழப்பம் ‘அகதி’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறது. பேச்சு வழக்கில் போருக்குப் பயந்து ஓடி வந்த எல்லோரும் அகதிகள்தான். சட்டத்தில் அப்படி இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை ஐந்தே காரணங்களைச் சொல்கிறது: இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து. இவற்றில் ஒன்றுக்காகத் தன்னைத் துன்புறுத்துவார்கள் என்ற நியாயமான அச்சம் இருப்பவர்தான் அகதி. போர் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டின் மேல் ஷெல் விழுந்தது, தெருவே தரைமட்டமானது என்று ஒருவர் சொன்னால், தஞ்ச விசாரணை அதிகாரி அடுத்துக் கேட்பது இதுதான்: “அது உங்களைக் குறிவைத்து விழுந்ததா?” ஷெல் பேர் கேட்டுக்கொண்டு விழுவதில்லை. அந்த இடத்தில் பல மனுக்கள் செத்துவிடுகின்றன.

இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, போர் நடக்கும் நாட்டிலிருந்து வந்தவர் அகதியே ஆக முடியாது என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் தவறு. போருக்கு நடுவே ஒரு படைப்பிரிவு குறிப்பிட்ட சமூகத்து இளைஞர்களைத் தேடித் தேடிப் பிடிக்கிறது என்றால், அந்த இளைஞர் 1951 வரையறைக்குள்ளேயே வருவார். போர் இருப்பது அவர் வழக்கைக் கெடுக்காது. கெடுப்பது, தன் கதையைச் சொல்லாமல் நாட்டின் கதையை மட்டும் சொல்வது.

வரையறை குறுகலானது என்பது எல்லா நாட்டுக்கும் தெரியும். ஆப்பிரிக்க நாடுகள் 1969இல் தங்களுக்கென ஒரு உடன்படிக்கை எழுதும்போது வெளியார் ஆக்கிரமிப்பு, பொது ஒழுங்கைக் கடுமையாகக் குலைக்கும் நிகழ்வுகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டன. லத்தீன் அமெரிக்காவில் 1984இன் கார்டஹேனா பிரகடனம் பரவலான வன்முறையைச் சேர்த்தது. ஐரோப்பா ‘துணைப் பாதுகாப்பு’ என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறது. ஆயுத மோதலில் கண்மூடித்தனமான வன்முறையால் பொதுமக்கள் ஒருவரின் உயிருக்குக் கடும் ஆபத்து இருந்தால் அது கிடைக்கும். ஈராக்கைச் சேர்ந்த ஒரு தம்பதியின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2009இல் இதற்கு ஒரு தராசு கொடுத்தது: உங்களுக்கென்று தனிப்பட்ட ஆபத்து எவ்வளவு அதிகமோ, நாட்டில் பொதுவான வன்முறை அவ்வளவு குறைவாக இருந்தாலும் போதும். வன்முறை உச்சத்தில் இருந்தால், அங்கே இருப்பதே ஆபத்து என்று விதிவிலக்காக ஏற்றுக்கொள்ளலாம். இதுவும் தனித்தனியாக விசாரித்துக் கொடுப்பதுதான்.

தனித்தனியாக விசாரிப்பது என்பதுதான் சிக்கல். ஒரு மனுவுக்கு ஒரு நேர்காணல், ஒரு மொழிபெயர்ப்பாளர், நாட்டு நிலவரம் பற்றிய அறிக்கை, முடிவு, மேல்முறையீடு. பத்தாயிரம் பேர் வந்தாலே வருடக்கணக்கில் இழுக்கும் வேலை. ஒரே வாரத்தில் பத்து லட்சம் பேர் எல்லையில் நின்றால்? அப்போது ஆளைப் பார்க்காமல் கூட்டமாகப் பார்க்கும் வழி தேவைப்படுகிறது. “இந்த நாட்டிலிருந்து, இந்தத் தேதிக்குப் பிறகு வந்தவரா? சரி, உள்ளே வாருங்கள், மற்றது பிறகு” என்பதுதான் தற்காலிகப் பாதுகாப்பு. உங்களுக்கு என்ன நடந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை. இந்தப் பெரிய சலுகைக்குள்ளேயே அதன் விலையும் இருக்கிறது. உங்கள் கதையைக் கேட்காமல் கொடுத்ததை, உங்கள் கதையைக் கேட்காமலே எடுத்தும்விடலாம்.

ஐரோப்பாவின் சட்டம் 2001 ஜூலையில் வந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டு யூகோஸ்லாவியா உடைந்த காலம். போஸ்னியாவிலிருந்து ஓடி வந்தவர்களை ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி நடத்தியது. ஸ்வீடன் 1993இலேயே போஸ்னியர்களுக்கு நிரந்தர வசிப்பிட அனுமதி கொடுக்க முடிவெடுத்தது. ஜெர்மனி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றாலும், பெரும்பாலோருக்கு ‘டுல்டுங்’ என்ற தாளைத்தான் கொடுத்தது. “உன்னை நாடுகடத்துவதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம்” என்பதற்கு மேல் அந்தத் தாளுக்கு அர்த்தம் கிடையாது. 1995 கடைசியில் போஸ்னியப் போரை முடித்த டேட்டன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1996 முடிவதற்குள்ளேயே திருப்பி அனுப்பும் வேலை தொடங்கிவிட்டது. தங்கள் ஊர் இப்போது எதிர்த்தரப்பின் கையில் இருக்கிறது என்று சொன்னவர்களும் கிளம்ப வேண்டியிருந்தது. ஒரே போர், ஒரே ஊர்க்காரர்கள். எந்த எல்லையைத் தாண்டினார்கள் என்பதைப் பொறுத்து ஒருவருக்கு வாழ்க்கை, இன்னொருவருக்குக் காத்திருப்பு.

அந்த அனுபவத்தில் எழுதிய சட்டம் இருபது வருடம் அலமாரியில் கிடந்தது. 2015இல் சிரியர்கள் உட்பட பத்து லட்சம் பேருக்கு மேல் ஐரோப்பாவுக்கு வந்தபோதும் அதை எடுக்கவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மார்ச் 4 அன்று சட்டத்தை அமலாக்கிவிட்டார்கள். இடையில் எட்டே நாள். உக்ரைன் பக்கத்து நாடு, 2017இலிருந்தே உக்ரைன்காரர்களுக்கு விசா இல்லாமல் வர அனுமதி இருந்தது, ஆகவே தடுக்க வழியும் இல்லை என்று காரணம் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. அது முழுக் காரணம் என்று என்னிடம் சொன்னால் நான் நம்ப மாட்டேன். சிரியர்களுக்கும் அதே சட்டம்தான் இருந்தது, வாக்களிக்க வேண்டிய அதே அமைச்சர்கள் அவைதான் இருந்தது.

கொடுத்த உரிமைகள் நல்லவை: வசிப்பிட அனுமதி, வேலை செய்யும் உரிமை, தங்க இடம், மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளி. தஞ்சம் கேட்டவர்கள் மாதக்கணக்கில் வேலை செய்ய முடியாமல் காத்திருக்கும் நாடுகளில் இது பெரிய வித்தியாசம். நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தப் பாதுகாப்பில் இருக்கிறார்கள். அதிகம் பேர் ஜெர்மனியில், அடுத்து போலந்து, செக் குடியரசு.

ஆனால் உக்ரைனிலிருந்து ஓடி வந்த எல்லோருக்கும் கிடைக்கவில்லை. மருத்துவம் படிக்கப் போயிருந்த இந்திய, நைஜீரிய, மொராக்கோ மாணவர்கள் அதே குண்டுக்குப் பயந்துதான் அதே ரயிலில் ஏறினார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பாகத் திரும்பச் சொந்த நாடு இருக்கிறது என்று சொல்லி, சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு நாட்டின் விருப்பத்துக்கு விட்டார்கள். நெதர்லாந்து முதலில் சேர்த்துக்கொண்டு பிறகு விலக்கியது. அப்படிச் சொந்த விருப்பத்தில் கொடுத்ததைச் சொந்த விருப்பத்தில் முன்கூட்டியே முடித்துக்கொள்ளலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொல்லிவிட்டது.

இனி கடிகாரம். சட்டத்தின்படி முதலில் ஒரு வருடம், பிறகு தானாக ஆறு மாதம் இருமுறை, அதற்கு மேல் அவை வாக்களித்தால் இன்னொரு வருடம். மூன்று வருடத்தோடு முடியும் என்றுதான் எல்லோரும் படித்தார்கள். போர் முடியவில்லை. அதனால் மேலும் நீட்டி, இப்போது 2027 மார்ச் 4 வரை கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன என்பதற்கு, ஒவ்வொரு நாடும் ஆட்களை வேலை, படிப்பு போன்ற சாதாரண அனுமதிகளுக்கு மாற்ற வேண்டும் என்று 2025இல் பரிந்துரைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட வருமானம் காட்டுகிறவர்களுக்குத் தனி நீண்டகால அனுமதி என்று செக் குடியரசு ஒரு வழி திறந்தது. சம்பாதிக்கிறவர் தப்பித்துவிடுவார். வயதான அம்மாவையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு பகுதிநேர வேலை பார்க்கும் பெண் எங்கே போவார் என்பதற்கு இதுவரை நேரான பதில் இல்லை.

மூன்றாவது கேள்விக்கு ஐரோப்பாவின் பதில் இங்கே வருகிறது. ஐந்து வருடம் சட்டப்படி வசித்தால் நீண்டகாலக் குடியிருப்பாளர் ஆகலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விதி உண்டு. தற்காலிகப் பாதுகாப்பில் இருப்பவர்களை அந்த விதி பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கிறது. யாரும் கவனிக்காமல் நேர்ந்த ஓட்டை அது இல்லை. வேண்டுமென்றே போட்ட வேலி.

பிரிட்டனில் கதை வேறு பெயரில் ஓடுகிறது. உக்ரைன்காரர்களுக்கு 2022இல் மூன்று வருட விசா, 2025இலிருந்து பதினெட்டு மாத நீட்டிப்பு, அந்தக் காலம் நிரந்தரக் குடியிருப்புக்குக் கணக்கில் வராது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அமெரிக்காவுக்கு வருகிறேன்.

டிபிஎஸ் பிறந்த கதை எல் சால்வடாருடையது. 1980களில் அங்கே உள்நாட்டுப் போர். அமெரிக்கா அந்த அரசுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த அரசின் படைகளுக்குப் பயந்து ஓடி வந்தவர்களின் தஞ்ச மனுவை ஏற்றால், நண்பன் கொலை செய்கிறான் என்று தானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். நூற்றுக்கு மூன்று மனுக்கள்கூடத் தேறவில்லை. தேவாலயங்கள் ஆட்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றின, வழக்குகள் நடந்தன. கடைசியில் 1990 நவம்பரில் மூத்த புஷ் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தில் டிபிஎஸ் நுழைந்தது. எல் சால்வடாருக்கு மட்டும் நாடாளுமன்றமே சட்டத்துக்குள் பெயர் எழுதிப் பதினெட்டு மாதம் கொடுத்தது. மற்ற நாடுகளை அறிவிக்கும் அதிகாரம் நிர்வாகத்திடம். இன்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலரிடம்.

அறிவிக்க மூன்று காரணங்கள் உண்டு: நடந்துகொண்டிருக்கும் ஆயுத மோதல், இயற்கைப் பேரிடர், அசாதாரணமான தற்காலிகச் சூழ்நிலை. ஒருமுறை அறிவித்தால் ஆறு, பன்னிரண்டு, அல்லது பதினெட்டு மாதம். முடிவதற்கு அறுபது நாள் முன்பு நிலைமையைப் பார்த்து நீட்டிக்கவோ முடிக்கவோ வேண்டும். முடிவே எடுக்காவிட்டால் தானாக ஆறு மாதம் நீளும். சோமாலியா 1991இல், சூடான் 1997இல், சிரியா 2012இல், யேமன் 2015இல், பர்மா 2021இல், உக்ரைனும் ஆப்கானிஸ்தானும் 2022இல் என்று பட்டியல் நீண்டது.

அந்தப் பட்டியலில் இலங்கை ஒருபோதும் இருந்ததில்லை. இருபத்தாறு வருடப் போருக்கும் இல்லை, 2004 சுனாமிக்கும் இல்லை. தமிழில் இதைப் படிக்கிறவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இது. நிலைமை எவ்வளவு மோசம் என்பது தகுதிக்குப் போதும், அறிவிப்புக்குப் போதாது. சட்டம் ‘அறிவிக்கலாம்’ என்கிறது, ‘அறிவிக்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. அறிவிக்கச் சொல்லி ஒரு தனிமனிதர் வழக்குப் போட்டு வாங்கவும் முடியாது.

அடுத்து எல்லோரும் தடுக்கி விழும் இடம். டிபிஎஸ் ஒரு விசா இல்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு விண்ணப்பிக்க முடியாது. அறிவிப்பு வரும்போது ஏற்கெனவே அமெரிக்காவுக்குள் இருப்பவர்களுக்குத்தான் அது; மாணவரோ, சுற்றுலா விசாவில் வந்து தங்கிவிட்டவரோ, விசாவே இல்லாமல் எல்லை தாண்டியவரோ, யாராக இருந்தாலும் சரி. ஒரு தேதி குறிப்பார்கள். அந்தத் தேதியிலிருந்து தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும். உக்ரைனுக்கு முதலில் குறித்தது 2022 ஏப்ரல் 11. ஏப்ரல் 12 அன்று வந்து இறங்கியவருக்கு அதே போர், அதே ஊர், ஆனால் டிபிஎஸ் இல்லை. அடுத்த வருடம் புதிதாகத் தேதி குறிக்கும்வரை அவர் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

‘தொடர்ந்து வசித்தேன்’ என்பதை நிரூபிப்பதில்தான் எங்கள் அலுவலகத்து நாட்களில் பாதி போயிருக்கிறது. வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, சம்பளச் சீட்டு இருந்தால் ஒரு மணி நேர வேலை. ஒரு அறையில் ஆறு பேராகத் தங்கி, கையில் கூலி வாங்கிய ஆளுக்கு எது இருக்கும்? ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுகளை ஷூ பெட்டியில் சேர்த்து வைத்திருந்த ஒருவர், அதைக்கொண்டே மாதம் தவறாமல் காட்டிவிட்டார். இன்னொருவருக்கு ஒரு வருடத்தில் நான்கு மாதம் வெறுமையாக இருந்தது. குழந்தையின் தடுப்பூசி அட்டையில் நர்ஸ் போட்ட தேதி அந்த ஓட்டையை அடைத்தது. நடுவில் நாட்டை விட்டு வெளியே போயிருந்தால் அது ‘சுருக்கமான, தற்செயலான, குற்றமற்ற’ பயணமாக இருந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். அம்மாவின் சாவுக்குப் போய்விட்டு இரண்டு வாரத்தில் திரும்பியதை இந்த மூன்று சொல்லுக்குள் அடக்கிக் கடிதம் எழுதுவதும் ஒரு வேலை.

குற்றப் பதிவு விஷயத்தில் டிபிஎஸ் கறாரானது. ஒரு பெரிய குற்றம், அல்லது இரண்டு சிறு குற்றங்கள் நிரூபணமாகியிருந்தால் போதும், கிடைக்காது. இரண்டாவது வழக்கில் “ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் உண்டு. அபராதத்தோடு அது முடிவதில்லை.

வேலை அனுமதி அட்டையில் ‘ஏ12’ என்று இருந்தால் டிபிஎஸ் கிடைத்தவர், ‘சி19’ என்றால் விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பவர். நாட்டுக்கு நீட்டிப்பு வரும்போது எல்லோருக்கும் உடனே புது அட்டை அடித்துக் கொடுக்க முடியாது. அதனால் “பழைய அட்டை இன்ன தேதி வரை செல்லும்” என்று மத்திய அரசிதழில் பல முறை அறிவித்திருக்கிறார்கள். சட்டப்படி அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது. ஆனால் கிடங்கில் வேலை செய்யும் யேமன்காரரின் மேலாளர் அரசிதழ் படிக்கிறவர் இல்லை. அவர் பார்ப்பது அட்டையில் அச்சான தேதியை. அது போன மாதம் முடிந்துவிட்டது. “புது அட்டை கொண்டு வா, வேலை தருகிறேன்.” அரசிதழின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, அந்த வரிக்கு மஞ்சள் மையடித்து, அட்டையின் நகலோடு பின் குத்திக் கொடுத்தனுப்புவோம். சிலர் அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையிலேயே வைத்திருப்பார்கள். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும் இடத்தில் மறுபடி அதே பேச்சு. 2025இல் வந்த சட்டம் பதிவுக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 500 டாலராக ஏற்றியது. வேலை அனுமதிக் கட்டணம் அதற்கு மேல் தனி.

இப்போது இரண்டாவது கேள்வி, முடிப்பது. முடிப்பதற்கு ‘போர் நின்றது’ என்று யாரும் சான்றிதழ் கொடுக்க வேண்டியதில்லை. அறிவித்த நிபந்தனைகள் இப்போது இல்லை என்று செயலர் முடிவெடுத்தால் போதும். 2025இல் ஆப்கானிஸ்தான், கேமரூன், சிரியா, தென் சூடான், பர்மா எல்லாவற்றுக்கும் முடித்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. பர்மாவுக்குச் சொன்ன காரணங்களில், ராணுவ ஆட்சி நடத்தவிருந்த தேர்தலும் ஒன்று. இப்படிப்பட்ட முடிவுகளை நீதிமன்றம் மறுபரிசீலனை செய்ய முடியாது என்று சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது. அந்த வரி எவ்வளவு தூரம் செல்லும் என்பதில்தான் வழக்குகள் எல்லாம் நடக்கின்றன. வெனிசுலாவின் அறிவிப்பு போருக்காகக் கொடுத்தது இல்லை. ஆனாலும் கிட்டத்தட்ட மூன்றரை லட்சம் பேரின் பாதுகாப்பை முடிக்க 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் வழிவிட்டது மற்ற எல்லா நாட்டுக்காரர்களுக்கும் வயிற்றில் புளியைக் கரைத்தது.

வினோதமான முடிப்பு ஒன்றும் உண்டு. கரீபியன் தீவு மான்செராட்டில் எரிமலை வெடித்து 1997இல் டிபிஎஸ் கொடுத்தார்கள். 2005இல் அதை முடித்தார்கள். எரிமலை அடங்கியதால் இல்லை. அது இப்போதைக்கு அடங்காது என்று தெரிந்ததால், நிலைமை ‘தற்காலிகம்’ இல்லை என்றார்கள். தற்காலிகப் பாதுகாப்பு தற்காலிக ஆபத்துக்கு மட்டும்தானாம். ஆபத்து தீர்ந்தாலும் போச்சு, தீராமலே நின்றுவிட்டாலும் போச்சு. எழுத்துப்படி அந்த வாதம் சரிதான். அதனால்தான் எரிச்சல் வருகிறது.

முடிந்த பிறகு ஆள் எங்கே நிற்பார்? டிபிஎஸ்ஸுக்கு முன்பு எந்த நிலையில் இருந்தாரோ அங்கேயே. மாணவர் விசா இன்னும் உயிரோடு இருந்தால் மாணவர். ஒன்றும் இல்லாமல் வந்தவர் மறுபடி ஒன்றும் இல்லாதவர். இந்த முறை பெயர், முகவரி, கைரேகை எல்லாம் அரசிடம் இருக்கிறது.

கிரீன் கார்டு? டிபிஎஸ்ஸிலிருந்து நேராகப் படி கிடையாது. 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள்: சட்டவிரோதமாக எல்லை தாண்டியவருக்கு டிபிஎஸ் கிடைத்ததால் மட்டும் அவர் ‘முறைப்படி அனுமதிக்கப்பட்டு உள்ளே வந்தவர்’ ஆகிவிட மாட்டார், ஆகவே உள்நாட்டிலிருந்தே கிரீன் கார்டுக்கு மாற முடியாது. விசாவில் முறைப்படி வந்து இறங்கியவருக்கு இந்தத் தடை இல்லை. குடும்பமோ வேலையோ மூலமாக மாற வழி இருக்கிறது. நாடாளுமன்றம் இரக்கப்பட்டு எல்லோருக்கும் கொடுக்கட்டுமே என்றால், 1990 சட்டத்தை எழுதியவர்கள் அதையும் யோசித்துவிட்டார்கள். டிபிஎஸ்காரர்களுக்கு நிரந்தரம் கொடுக்கும் மசோதாவை செனட்டில் எடுக்கவே ஐந்தில் மூன்று பங்கு வாக்கு வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இந்தத் தடையைத் தாண்டிக் கரையேறியவர்களில் லைபீரியர்கள் உண்டு. 1991இலிருந்து டிபிஎஸ், பிறகு அதுபோன்ற இன்னொரு ஒத்திவைப்பு என்று மாறி மாறி இருந்தவர்களுக்கு 2019 டிசம்பரில்தான் கிரீன் கார்டுக்கு வழி பிறந்தது, அதுவும் ராணுவச் செலவு மசோதாவுக்குள் செருகிய ஒரு பிரிவில்.

துருக்கியை விட்டுவிட்டால் பதில் முழுமையாகாது, ஏனென்றால் எண்ணிக்கையில் பல வருடம் முதலிடம் அதற்குத்தான். 1951 உடன்படிக்கையில் ஐரோப்பாவில் நடக்கும் நிகழ்வுகளுக்கு மட்டுமே கட்டுப்படுவோம் என்ற பழைய நிபந்தனையை துருக்கி இன்றும் வைத்திருக்கிறது. அதனால் சிரியர்கள் அங்கே சட்டப்படி அகதி ஆக முடியாது. 2014 அக்டோபரில் தற்காலிகப் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டார்கள். உச்சத்தில் 37 லட்சம் பேர் அதன்கீழ் இருந்தார்கள். பதிவு செய்த மாகாணத்தை விட்டு வெளியே போகப் பயண அனுமதி வேண்டும். 2016இலிருந்து வேலை அனுமதி உண்டு. ஆனால் பொதுவாக ஒரு நிறுவனத்தில் துருக்கியர் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சிரியர்களுக்கு விதிவிலக்காகக் குடியுரிமையும் கொடுத்தார்கள். யாருக்கு, எதற்கு என்பது அரசின் தேர்வு.

2024 டிசம்பர் 8 அன்று அசாத் ஆட்சி விழுந்தது. மறுநாளே ஜெர்மனி சிரியர்களின் தஞ்ச மனுக்களில் முடிவெடுப்பதை நிறுத்தி வைத்தது. துருக்கி செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருந்தது. குடும்பத்தில் ஒருவர் 2025 ஜனவரி முதல் ஜூலை 1 வரை மூன்று முறை சிரியாவுக்குப் போய்விட்டு வரலாம், பாதுகாப்பு ரத்தாகாது என்றார்கள். வீடு நிற்கிறதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து முடிவெடுக்க ஒரு வாய்ப்பு. பல நாடுகள் ‘ஊருக்குப் போனால் உனக்குப் பயமில்லை என்று அர்த்தம்’ என்று அட்டையைப் பறிக்கும்போது, இது நடைமுறை தெரிந்த ஏற்பாடு.

இந்தியாவில் இப்படி ஒரு சட்டமே இல்லை. 1951 உடன்படிக்கையிலும் இந்தியா சேரவில்லை. 1983க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் நாற்பது வருடமாக முகாம்களில் இருப்பது அரசாணைகளின் தயவில்தான். 2025 செப்டம்பரில் மத்திய அரசு கொடுத்த விலக்கும், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களை ஆவணமின்றித் தங்கியதற்காகத் தண்டிக்க மாட்டோம் என்ற அளவோடு நிற்கிறது. தண்டிக்காமல் விடுவது வேறு, உரிமை கொடுப்பது வேறு.

கேள்வி கேட்டவருக்குத் தெரிந்தவர் யாராவது இந்த நிலையில் இருந்தால் சில விஷயங்கள். தற்காலிகப் பாதுகாப்பு கிடைத்துவிட்டதே என்று தஞ்ச மனுவைப் போடாமல் இருப்பதுதான் நான் பார்த்த பெரிய தவறு. அமெரிக்காவில் இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம். தஞ்சத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கெடு உண்டு. டிபிஎஸ்ஸில் இருந்த காலத்துக்கு அந்தக் கெடுவிலிருந்து விலக்குக் கேட்கலாம், ஆனால் டிபிஎஸ் முடிந்தபின் ‘நியாயமான காலத்துக்குள்’ போட்டாக வேண்டும். நியாயமான காலம் எத்தனை நாள் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஐரோப்பாவிலும் தற்காலிகப் பாதுகாப்பில் இருக்கும்போதே தஞ்ச மனு கொடுக்கும் உரிமை இருக்கிறது. இரண்டையும் ஒருசேர அனுபவிக்க முடியாது என்று அந்த நாடு சொல்லலாம். அப்படியானால் மனு தூங்கும், சாகாது. தனிப்பட்ட ஆபத்து இருக்கிறவர், மிரட்டல் கடிதம், புகைப்படம், சாட்சி சொல்லக்கூடியவரின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வைக்கட்டும். பத்து வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது, சாட்சியும் இடம் மாறியிருப்பார்.

மறுபதிவுக் காலத்தைத் தவற விடக் கூடாது. நீட்டிப்பு நாட்டுக்கு வருகிறது. ஆள் தன் பங்குக்கு ஒவ்வொரு முறையும் பதிவு செய்ய வேண்டும். அனுமதி வாங்காமல் வெளிநாடு போகக் கூடாது. “உள்ளே ஆள் இருக்கிறார், முடித்துத் தருகிறேன்” என்பவரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

அப்புறம், அமெரிக்காவுக்கு முதன்முதலில் வந்து இறங்கியபோது கிடைத்த நுழைவுப் பதிவு, ‘ஐ-94’ என்பார்கள், அது எங்கே இருக்கிறது என்று இன்றே தேடச் சொல்லுங்கள். பழைய பாஸ்போர்ட்டில் பின் குத்திய சின்ன வெள்ளை அட்டையாக இருக்கலாம். பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது என்று சிலர் அட்டையோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். 2021 தீர்ப்புக்குப் பிறகு, முறைப்படி உள்ளே வந்தார் என்பதற்கு அவரிடம் இருக்கும் நேரடியான சாட்சி பெரும்பாலும் அந்த அட்டை மட்டும்தான்.